கண்டிக் கோப்பியை அழித்த துருவும் அதன் மரபெழுத்தும்

கண்டியைச் சூழ்ந்த மலைகளில் தேயிலைக்கு முன்னர் கோப்பியே செழித்திருந்தது என்பதை நாம் அனைவரும் அறிவோம். அந்தக் கோப்பி அழிந்த வரலாறு எமது பாடசாலை நூல்களில் பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகின்றது. இலைநோய் வந்தது, கோப்பி போனது, தேயிலை வந்தது என்பதே அந்த வரி. அதற்குள் எத்தனை குடும்பங்களின் பிழைப்பு அடங்கியிருந்தது என்பதையோ, நோயை உண்டாக்கிய பங்கசு எத்தகைய உயிரினம் என்பதையோ நாம் ஆழ்ந்து நோக்குவதில்லை. கடந்த சில ஆண்டுகளில் அந்தப் பங்கசின் மரபெழுத்தை விஞ்ஞானிகள் வாசித்தபோது வெளிவந்த செய்தியொன்று மலையகத்தில் வாழும் எமக்கு மிகவும் நெருக்கமானதாகும். அந்த எழுத்தின் மிகப் பெரும் பகுதி, ஒரே தொடர்கள் திரும்பத் திரும்ப வரும் பகுதியாகவே இருக்கின்றது. இத்தகைய பகுதிகளை ஒரு காலத்தில் குப்பை என்று கூறி ஒதுக்கி வைத்தார்கள். ஆனால் பங்கசுக்களின் கலங்கள் அந்தக் 'குப்பையில்' ஒரு பகுதியை வாசிக்கின்றன என்பதும், அந்த வாசிப்பு பயிர்நோயின் போக்கையே மாற்ற வல்லது என்பதும் இப்போது தெளிவாகி வருகின்றன.

முதலில் பழைய கதையைச் சிறிது நினைவுகூர்வோம். 1869 ஆம் ஆண்டு ஊவாவின் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பித் தோட்டங்களில் இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறப் பொடி படிந்த புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த த்வெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்தில் பங்கசு ஆய்வில் பெயர்பெற்றிருந்த பேர்க்லி பாதிரியாருக்கு அனுப்பி வைத்தார். பேர்க்லியும் அவரது துணைவராகிய புரூமும் அது அதுவரை அறியப்படாத பங்கசு எனக் கண்டு, அதே ஆண்டில் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார்கள். ஹெமிலியா என்றால் பாதி வழுவழுப்பானது என்று பொருள். அதன் வித்தியின் ஒரு புறம் சொரசொரப்பாகவும் மறுபுறம் மென்மையாகவும் இருப்பதே இதற்குக் காரணம். வாஸ்டாட்ரிக்ஸ் என்பதற்கு நாசகாரி என்று பொருள். பெயரிட்டவர்கள் தாம் எழுதியது எவ்வளவு பொருத்தமாக அமையப் போகின்றது என்பதை அன்று அறிந்திருக்க நியாயமில்லை.

1870 இல் இலங்கை சுமார் 450 இலட்சம் கிலோ கோப்பியை உற்பத்தி செய்தது. 1889 இல் அது 23 இலட்சம் கிலோவாகச் சுருங்கியது. இடையில் 1884 ஆம் ஆண்டு, தோட்டங்களுக்குப் பெருங்கடன் வழங்கியிருந்த ஓரியண்டல் வங்கி இடிந்து வீழ்ந்தது. துரைமாரின் நட்டங்களைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. ஆனால் மன்னார்க் கரையில் இறங்கி, காடும் காய்ச்சலும் நிறைந்த வழியே நடந்து மாத்தளையையும் கண்டியையும் அடைந்த தமிழ்த் தொழிலாளரின் நட்டம் கணக்கேடுகளில் ஏறவில்லை. கண்டிக் கிராமங்களின் வீட்டுத்தோட்டங்களில் விளைந்த நாட்டுக் கோப்பியை வீடுவீடாகச் சென்று வாங்கிச் சேகரித்த முஸ்லிம் வியாபாரிகளின் நிலையும் அதுவேயாகும். யேமன் நாட்டிலிருந்து உலகெங்கும் பரவிய கஹ்வா, அரபு வணிகர் தொடர்பினாலேயே இந்தத் தீவை வந்தடைந்தது எனக் கூறுவர். அவ்வாறாயின் அதன் வரவிலும் மறைவிலும் எமது இரு சமூகங்களுக்கும் பங்கிருந்தது எனலாம்.

நோயின் காரணத்தை ஆராய்வதற்கென 1880 இல் மார்ஷல் வார்ட் என்ற இருபத்தைந்து வயதை எட்டிய இளைஞர் பேராதனைக்கு அனுப்பப்பட்டார். கிளிசரின் தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் தொங்கவிட்டு, காற்றில் மிதந்துவரும் வித்திகளை அவர் பிடித்தார். வித்தி இலையின் அடிப்புறத்திலுள்ள நுண்துளை வழியே உள்ளே நுழைவதை நுணுக்குக்காட்டியில் பின்தொடர்ந்தார். ஒரே பயிரை இடைவெளியின்றி மலை முழுவதும் நட்டதே நோய்க்கு வாய்ப்பளித்தது என்பதையும் எடுத்துரைத்தார். நோயைத் தடுக்கும் மருந்து அவரிடம் இருக்கவில்லை. 1882 இல் அவர் திரும்பிச் சென்றார். பிற்காலத்தில் தாவர நோயியலின் முன்னோடிகளுள் ஒருவராக அவர் மதிக்கப்படுகின்றார் என்றால், அந்த மதிப்பின் வேர் பேராதனையில் ஊன்றப்பட்டதாகும்.

வார்ட் கண்டது பங்கசின் உடலை. அதன் மரபெழுத்தைக் காண இன்னும் 130 ஆண்டுகளுக்கு மேல் செல்ல வேண்டியிருந்தது. 2014 ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டு ஆய்வாளர்கள் துருப் பங்கசுக்கள் பலவற்றின் மரபுத்தொகுதியின் அளவை மதிப்பிட்டு வெளியிட்டார்கள். கோப்பித் துருவின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 80 கோடி எழுத்துக்களைக் கொண்டது என அவர்கள் கணித்தார்கள். பேக்கரிகளில் பாண் மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்டும் ஒரு பங்கசுதான். அதன் மரபுத்தொகுதியோ 1.2 கோடி எழுத்துக்கள் மாத்திரமே. சாதாரண பங்கசுக்கள் பலவும் நான்கு கோடி எழுத்துக்களின் அளவிலேயே நின்றுவிடுகின்றன. அவ்வாறாயின் கோப்பித் துருவுக்கு இருபது மடங்கு அதிகமான மரபணுக்கள் இருக்கின்றனவா? இல்லை. அதே 2014 இல் கொலம்பிய நாட்டின் கோப்பி ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட வரைவு வாசிப்பில், மரபணுக்கள் 14 ஆயிரத்தைச் சற்றே தாண்டின. வாசித்த எழுத்தில் 74 சதவீதத்துக்கும் மேற்பட்டவை திரும்பத் திரும்ப வரும் தொடர்களாக இருந்தன. பருமனைக் கூட்டியது மரபணுக்கள் அல்ல, இந்த மீள்வரும் தொடர்களே.

இதன் பொருளை விளங்கிக்கொள்வதற்கு, ஒரு கலம் தன் எழுத்தை எவ்வாறு வாசிக்கின்றது என்பதை அறிதல் வேண்டும். கண்டியில் காணி வாங்கியோர் அனைவரும் காணிப் பதிவகத்தின் வாசலை மிதித்திருப்பர். அங்கு மூலப் பதிவேடு வெளியே தரப்படுவதில்லை. தேவையான பக்கத்தின் பிரதி எடுக்கப்பட்டு, அந்தப் பிரதியே எமது கையில் தரப்படும். கலத்தின் கருவில் டி.என்.ஏ. என்னும் மூலப் பதிவேடு பத்திரமாக இருக்கின்றது. அதன் ஒரு பகுதியை ஆர்.என்.ஏ. என்ற பிரதியாக எடுக்கும் செயலையே பாடநூல்கள் பிரதியெடுத்தல் என்று குறிப்பிடுகின்றன. அந்தப் பிரதியைக் கொண்டுதான் புரதம் உருவாகின்றது. பிரதி எடுக்கப்படாத பக்கம் பதிவேட்டில் இருந்தும் வேலை செய்வதில்லை. ஆகவே ஒரு தொடர் இருக்கின்றதா என்பது ஒரு கேள்வி, அது பிரதியெடுக்கப்படுகின்றதா என்பது முற்றிலும் வேறொரு கேள்வியாகும். மீள்வரும் தொடர்களைப் பற்றி நீண்ட காலம் முதற் கேள்வி மாத்திரமே கேட்கப்பட்டது. எத்தனை சதவீதம் என்று எண்ணிவிட்டு, குப்பை என்று பெயரிட்டு, அடுத்த வேலையைப் பார்த்தார்கள்.

மீள்வரும் தொடர்கள் யாவும் ஒரே இனத்தவை அல்ல. புரதம் தயாரிக்கும் இயந்திரமாகிய ரைபோசோமுக்கு வேண்டிய ஆர்.என்.ஏ.வை எழுதும் மரபணு ஈஸ்டில் ஏறத்தாழ 150 பிரதிகளாக ஒரே நிறமூர்த்தத்தில் வரிசையாக அமைந்துள்ளது. வேகமாக வளரும் ஈஸ்ட் கலத்தில் நடைபெறும் பிரதியெடுத்தலில் பாதிக்கு மேல் இந்த ஒரு வரிசையிலேயே நிகழ்கின்றது. ஒரு மணிநேரத்தில் மாப் பொங்கி எழுகின்றதென்றால், திரும்பத் திரும்ப வரும் இந்த எழுத்து இடையறாது வாசிக்கப்படுவதே அதற்கு அடிப்படையாகும். இந்த மரபணுக்களுக்கு இடையிலுள்ள ஒரு சிறு துண்டு பங்கசுக்கு பங்கசு வேறுபடுவதால், 2012 முதல் அது பங்கசுக்களை இனங்காணும் பொது அடையாளக் குறியாக உலகளவில் ஏற்கப்பட்டுள்ளது. பல பிரதிகள் இருப்பதால் மிகச் சிறிய மாதிரியிலிருந்தும் அதனைப் பெற முடிகின்றது. தாவர நோயியல் ஆய்வுகூடங்களில் நோயுற்ற இலையொன்றிலிருந்து பங்கசை அறியப் பயன்படும் முறைகளுள் இதுவும் ஒன்று. இது மீள்வரும் எழுத்தின் நல்ல பக்கம்.

மற்றப் பக்கம் சற்றுக் கடினமானது. 1940களில் அமெரிக்காவில் சோள விதைகளின் நிறத்தை ஆராய்ந்த பார்பரா மக்ளின்டொக் என்ற பெண்மணி, சில மரபுத் துண்டுகள் ஓரிடத்தில் நிலைத்திராமல் நிறமூர்த்தங்களில் இடம்விட்டு இடம் தாவுவதைக் கண்டறிந்தார். அன்று அதனை நம்பியோர் மிகச் சிலரே. 1983 இல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு 81 வயது. தாவும் துண்டுகளில் ஒரு பெரும் பிரிவான ரெட்ரோ டிரான்ஸ்போசன் என்பது தன்னைப் பிரதியெடுத்தே பரவுகின்றது. காணிப் பதிவேட்டின் ஒரு பக்கத்தில், 'இந்தப் பக்கத்தைப் பிரதி செய்து வேறோர் இடத்தில் ஒட்டுக' என்று மாத்திரம் எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். எழுதுவினைஞர் அதனை அறியாமலே பிரதியெடுத்து ஒட்டுவார். ஒட்டிய பக்கத்திலும் அதே கட்டளை இருக்கும். சில தலைமுறைகளில் பதிவேடு பருத்துவிடும். கோப்பித் துருவின் மரபுத்தொகுதி பருத்ததும் பெருமளவுக்கு இவ்வகைத் துண்டுகளால்தான். இங்கு கவனிக்க வேண்டியது, இந்தப் பெருக்கத்தின் முதற்படி பிரதியெடுத்தல் என்பதாகும். ஆர்.என்.ஏ. பிரதி இல்லையேல் அதற்குப் பரவும் வழியே இல்லை.

பதிவேடு இவ்வாறு பருத்துக்கொண்டே போனால் உயிரினம் தாங்குமா? இதற்குப் பங்கசுக்கள் தாமே காவல் முறைகளை உருவாக்கிக்கொண்டுள்ளன. எரிந்த கரும்புத் தட்டைகளின் மீது செம்மஞ்சள் நிறத்தில் படரும் நியூரோஸ்போரா என்ற பங்கசு இதில் மிகக் கண்டிப்பானது. பாலியல் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்போது, ஒரே தொடர் இருமுறை இருப்பதைக் கண்டால் இரண்டு பிரதிகளிலும் எழுத்துக்களை மாற்றிப் பாழாக்கிவிடுகின்றது. அமெரிக்காவில் எரிக் செல்கர் குழுவினர் 1980களின் பிற்பகுதியில் இதனை வெளிப்படுத்தினார்கள். எமது அயல்நாடான இந்தியாவின் ஹைதராபாத் நகரில், துர்காதாஸ் கஸ்பேக்கர் குழுவினர் இந்தக் காவலைச் சில வகைகள் எவ்வாறு தளர்த்துகின்றன என ஆராய்ந்துள்ளார்கள். ஆனால் இந்தக் காவலாளி பாலியல் கட்டத்தில் மாத்திரமே விழித்திருப்பவர். மற்ற வேளைகளுக்கு வேறொருவர் தேவை.

அந்த மற்றக் காவலும் நியூரோஸ்போராவிலேயே தற்செயலாகத் தெரியவந்தது. 1992 இல் ரோம் நகரில் இரு ஆய்வாளர்கள் அதன் செம்மஞ்சள் நிறத்துக்குக் காரணமான மரபணுவின் மேலதிகப் பிரதிகளை உள்ளே செலுத்தினார்கள். நிறம் கூடும் என்று எதிர்பார்க்கக்கூடிய இடத்தில், பல பங்கசுகள் வெளுத்துப்போயின. ஒரே எழுத்து அளவுக்கு மீறி வாசிக்கப்பட்டபோது, கலம் அந்தப் பிரதிகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, அத்துண்டுகளை அடையாளமாகக் கொண்டு அதையொத்த பிரதிகள் அனைத்தையும் அழித்திருந்தது. பின்னர் 2002 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வேறொரு வகை ஈஸ்டில் இன்னும் வியப்பான ஒன்றைக் கண்டார்கள். நிறமூர்த்தத்தின் நடுப்பகுதியிலுள்ள மீள்வரும் தொடர்கள் இறுக்கமாகச் சுருட்டப்பட்டு மௌனமாக்கப்பட்டிருப்பவை. அவற்றை அவ்வாறு மௌனமாக்கி வைப்பதற்கே, அவை முதலில் சிறிதளவு பிரதியெடுக்கப்பட வேண்டியுள்ளது. அந்தப் பிரதியிலிருந்து வெட்டப்பட்ட சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளே எந்த இடத்தை மூட வேண்டும் என்று வழிகாட்டுகின்றன. வாசித்தால்தான் வாய்மூட வைக்க முடியும் என்ற இந்த முரண், குப்பை என்ற பழைய சொல்லை விஞ்ஞானிகள் கைவிடத் தூண்டிய காரணங்களுள் முக்கியமானது என்பது எமது கருத்தாகும்.

காவல் எப்போதும் ஒரே உறுதியுடன் இருப்பதில்லை. உடுநுவர, யட்டிநுவரப் பகுதிகளின் பள்ளத்தாக்கு வயல்களில் விவசாயிகள் அஞ்சும் எரிபந்த நோயை உண்டாக்கும் பங்கசில் மாகி எனப் பெயரிடப்பட்ட ரெட்ரோ டிரான்ஸ்போசன் ஒன்று உண்டு. வழமையாக அது அடங்கிக் கிடக்கும். 2001 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், அந்தப் பங்கசைக் கடும் வெப்பத்துக்கும் செப்பு சல்பேற்றுக்கும் ஒட்சியேற்ற நெருக்கடிக்கும் உட்படுத்தியபோது மாகியின் பிரதியெடுத்தல் தூண்டப்படுவதைக் காட்டினார்கள். 2020 இல் கோதுமை இலைப் பங்கசு ஒன்றில் நடத்தப்பட்ட ஆய்வும், போசாக்குக் குறைந்த நிலையிலும் பயிரைத் தாக்கும் வேளையிலும் இத்தகைய தொடர்கள் பலவற்றின் வாசிப்பு மாறுவதை எடுத்துக்காட்டியது. நெருக்கடி வரும்போது காவல் தளர்கின்றது, அடங்கியிருந்த எழுத்து பேசத் தொடங்குகின்றது.

செம்பு என்ற சொல்லைக் கண்டதும் மலையக வாசகர் நிமிர்ந்து அமரக்கூடும். 1946 இல் இலங்கையின் தேயிலையைத் தாக்கத் தொடங்கிய கொப்புள நோயும் ஒரு பங்கசினாலேயே வருவது. மழைக்காலங்களில் அதனைக் கட்டுப்படுத்துவதற்குப் பல தசாப்தங்களாகக் கைகொடுத்து வருவது செப்பு கலந்த மருந்துகளே. எரிபந்தப் பங்கசில் ஆய்வுகூடத்தில் கண்டதைத் தேயிலைப் பங்கசுக்கு அப்படியே ஏற்றிவிடுவது முறையன்று. இரண்டும் பங்கசு உலகின் வெவ்வேறு பெரும் பிரிவுகளைச் சேர்ந்தவை. செம்பைக் கைவிடுமாறு கூறுவதும் எமது நோக்கமன்று. அவ்வாறு கூறினால் அடுத்த மழையிலேயே கொழுந்து கருகி, அதன் சுமை கொழுந்து பறிப்போரின் நாட்சம்பளத்தில்தான் விழும். தேயிலை ஆராய்ச்சியாளர்கள் தரும் அளவையும் கால ஒழுங்கையும் மீறாதிருப்பதற்குச் செலவு மாத்திரம் காரணமன்று என்பதை உணர்த்தவே இதனைக் குறிப்பிடுகின்றோம். பங்கசைக் கொல்லாமல் வெறுமனே நெருக்கடிக்குள் தள்ளும் அரைகுறைத் தெளிப்பு இரட்டை நட்டமாக முடிய இடமுண்டு.

அடங்கியிருந்த எழுத்து பேசினால் என்ன நேரும் என்பதற்கும் எரிபந்தப் பங்கசிலேயே சான்று இருக்கின்றது. நெற்பயிரின் சில இனங்களில் பை-டா என்ற எதிர்ப்பு மரபணு உண்டு. பங்கசு சுரக்கும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடையாளங்கண்டு, பகைவன் வந்துவிட்டான் என்று பயிரை அது எச்சரிக்கும். 2001 இல் வெளியான ஆய்வொன்று, போட்-3 என்ற தாவும் துண்டு அந்தப் புரதத்தின் மரபணுவுக்குள் புகுந்ததால் புரதமே உருவாகாமற்போன பங்கசு வகையை விவரித்தது. அடையாளம் மறைந்தது, பயிர் ஏமாந்தது, பங்கசு உள்ளே புகுந்தது. போட்-3 ஆர்.என்.ஏ. வழியாகத் தாவுவதன்று, வெட்டி ஒட்டும் வகையைச் சேர்ந்தது. எனினும் வெட்டுவதற்கான கத்தியாகிய நொதியத்தை ஆக்க அதுவும் முதலில் பிரதியெடுக்கப்பட்டாக வேண்டும். பல ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கிய எதிர்ப்பு நெல்லினத்தை ஒரேயொரு தாவல் பயனற்றதாக்கக்கூடும் என்பது இதன் பொருள்.

கோப்பியிலும் இதற்கு ஒத்த அனுபவம் உண்டு. போர்த்துக்கலில் 1955 இல் கோப்பித் துருவுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. திமோர்த் தீவில் இயற்கையாகத் தோன்றிய கலப்பினமொன்றின் எதிர்ப்பு மரபணுக்கள் உலகெங்கும் கோப்பி இனவிருத்தியில் சேர்க்கப்பட்டன. ஆனால் அந்த எதிர்ப்பையும் துரு பல நாடுகளில் கடந்துவிட்டது. ஐம்பதுக்கும் அதிகமான துரு வகைகள் இன்று அறியப்பட்டுள்ளன. 1970 இல் அது பிரேசிலை அடைந்தது. 2012 இல் மத்திய அமெரிக்காவில் பெருநோயாக வெடித்து ஏழைத் தொழிலாளரின் வேலைகளைப் பறித்தது. 1880களின் கண்டிக் கதை வேறொரு மொழியில் திரும்ப எழுதப்பட்டது போலவே அது இருந்தது. இத்தனைக்கும் இந்தத் துருவின் பாலியல் இனப்பெருக்கத்துக்குரிய மாற்று விருந்துவழங்கித் தாவரம் எதுவும் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. தாயும் தந்தையும் கலப்பதாக வெளிப்படையாகத் தெரியாத உயிரினம் இத்தனை புதிய வகைகளை எங்கிருந்து பெறுகின்றது என்ற கேள்விக்கு, தாவும் தொடர்களும் ஒரு விடையாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுவதில் வியப்பில்லை.

இவற்றையெல்லாம் மிஞ்சிய செய்தி 2013 இல் கலிபோர்னியாவிலிருந்து வந்தது. ஸ்ட்ரோபெரி, தக்காளி முதலியவற்றைச் சாம்பல் நிறப் பூசணமாகப் பீடிக்கும் பொட்ரைடிஸ் என்ற பங்கசு, தன் ரெட்ரோ டிரான்ஸ்போசன்களைப் பிரதியெடுத்து, அதனைச் சிறு துண்டுகளாக வெட்டி, அத்துண்டுகளைப் பயிரின் கலத்துக்குள் அனுப்புகின்றது. அங்கு அவை பயிரின் சொந்த மௌனமாக்கும் பொறிமுறையிலேயே ஏறிக்கொண்டு, பயிரின் தற்காப்பு மரபணுக்களை மூடிவிடுகின்றன. பதிவேட்டைப் பருக்கவைத்த வீண் பக்கங்கள் அண்டை வீட்டின் பூட்டைத் திறக்கும் சாவிகளாக மாறியுள்ளன. ஹெய்லிங் ஜின் தலைமையிலான இக்குழு அத்துடன் நிற்கவில்லை. அதே வழியைத் திருப்பிப் போட்டு, பங்கசின் வெட்டும் கருவியையே மௌனமாக்கும் ஆர்.என்.ஏ.வைப் பழங்களின் மீது தெளித்து, பூசணத்தைக் குறைக்க முடியும் என 2016 இல் காட்டியது. தோட்டத்தில் தெளிக்கக்கூடிய மலிவான மருந்தாக அது எம்மிடம் வந்துசேர இன்னும் பல தடைகள் உள்ளன. வெயிலிலும் மழையிலும் ஆர்.என்.ஏ. விரைவில் சிதைந்துவிடும் என்பது அவற்றுள் ஒன்று. கண்டி மழையை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இந்த அறிவு எமக்கு எவ்வகையில் உதவும்? ஒரேயொரு எதிர்ப்பு மரபணுவை நம்பி மலை முழுவதும் ஒரே இனத்தை நடுவது, எழுத்தை இவ்வளவு எளிதில் மாற்றவல்ல பகைவன் முன் ஒற்றைப் பூட்டைத் தொங்கவிடுவதற்கு ஒப்பானது. பல எதிர்ப்புகளை ஒருங்கே கொண்ட இனங்களும், இனங்களைக் கலந்து நடுதலும் துருவின் வேலையைக் கடினமாக்கும். அக்குறணையிலும் ஹாரிஸ்பத்துவயிலும் உள்ள வீட்டுத்தோட்டங்களில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் பலாவும் கமுகும் இடையிடையே சில கோப்பிச் செடிகளும் கலந்து நிற்பதைக் காண்கின்றோம். துரு அங்கும் இல்லாமலில்லை. ஆனால் ஒரு செடியிலிருந்து எழும் வித்தி அடுத்த கோப்பிச் செடியை அடைவதற்கு முன்னர் பல வேற்று இலைகளில் வீணாகின்றது. வார்ட் 1880களில் கூறியதை எமது கிராமத்தவர் எவரிடமும் கேட்காமலே செய்து வந்திருக்கின்றனர். அரசாங்கத்தின் கோப்பி மீள்நடுகைத் திட்டங்கள் இந்தத் தோட்டங்களை ஒழுங்கற்றவை என்று நோக்காமல், பாடமாக நோக்குவது நன்று.

ஆய்வுக்கான வாய்ப்பும் எமது வாசலிலேயே இருக்கின்றது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விவசாய உயிர்த்தொழினுட்ப நிலையம் உண்டு. கன்னொறுவையில் தாவர மரபு வளங்களைப் பேணும் நிலையம் உண்டு. ஹந்தானையில் அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் உண்டு. மீள்வரும் தொடர்களை வாசிப்பது முன்னர் மிகக் கடினமாக இருந்தது. குறுகிய துண்டுகளாக வாசித்து ஒட்டும்போது, ஒன்றுபோலத் தோன்றும் துண்டுகள் எந்த இடத்துக்குரியவை எனத் தெரியாது குழப்பம் விளையும். இன்று பல்லாயிரம் எழுத்துக்களை ஒரே மூச்சில் வாசிக்கும் கருவிகள் உள்ளங்கை அளவுக்குச் சிறுத்துவிட்டன. பெரும் நாடுகளுக்கு மாத்திரம் உரிய வேலையாக இது இப்போது இல்லை. கோப்பித் துரு உலகுக்கு அறிமுகமானது எமது மலைகளிலிருந்து. அதன் எழுத்தை முதலில் வாசித்தவர்களோ கொலம்பியாவிலும் போர்த்துக்கலிலும் இருந்தார்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை எனினும், அடுத்த வாசிப்பில் பேராதனை மாணவர் எவரேனும் இடம்பெறுவதை நாம் விரும்புகின்றோம்.

அதற்கு ஒரு பொருத்தமான தொடக்கமும் உண்டு. அயர்லாந்தில் 1840களில் பெரும் பஞ்சத்தை விளைவித்த உருளைக்கிழங்கு நோய்க்கிருமியின் மரபெழுத்தை, 19 ஆம் நூற்றாண்டில் உலர்த்திப் பாதுகாக்கப்பட்ட இலைகளிலிருந்தே 2013 இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் வாசித்தார்கள். பேர்க்லி சேகரித்த பங்கசு மாதிரிகள் 1879 இல் இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவிடம் ஒப்படைக்கப்பட்டன. மடுல்சீமைத் தோட்டத்து இலைகளைத் தாக்கிய துருவின் எழுத்தையும், இன்று அக்குறணைக் கோப்பிச் செடியொன்றில் படிந்திருக்கும் துருவின் எழுத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிந்தால், இடைப்பட்ட 150 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் எந்தத் தொடர்கள் பெருகின, எவை தாவின, எவை மௌனமாகவே இருந்தன என்பதை நேரடியாகவே ஒப்பிடலாம்.